'அதிகாரி' என்று எழுதிவிட்டேன்

பதுளையில் ஓர் அரசு அலுவலகத்தில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவது என் வேலை. பதினான்கு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையத்தின் கூச்சல், மூடினால் மின்விசிறியின் முனகல். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அலுவலகத்தில் பேச்சு உண்டு. பொய் இல்லை. கடைப் பலகையில், பஸ்ஸின் நெற்றியில், அரசாங்கச் சுற்றறிக்கையில் எங்காவது தப்பான தமிழைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊரில் உள்ளவர்களின் தப்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டிருந்த நான்தான், எட்டுக் குடும்பத்தின் உயிர் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கடிதத்தில் வேண்டுமென்றே ஒரு சொல்லை மாற்றி எழுதினேன். அந்தத் தப்பைச் சொல்லாமல், அதிலிருந்து எங்களைக் காப்பாற்றியவருக்கு நன்றி சொல்ல முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

தீபாவளி கழிந்த இரண்டாவது வாரம். ஐப்பசி மழை பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மேல்பிரிவு லயத்துக்கு, அதாவது ஒட்டி ஒட்டிக் கட்டிய எட்டு வீட்டு வரிசைக்கு, மண்சரிவு அபாயம் இருக்கிறதா என்று பார்க்க அரசாங்கம் ஒருவரை அனுப்புகிறது. லயத்தில் குடியிருப்பவர்களுக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும். தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் பிறந்த தோட்டம். அந்த லயத்தின் மூன்றாவது காம்பரா வீட்டில்தான் என் அக்கா, மச்சான், அவர்களின் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தார்கள். அக்கா கொழுந்து பறித்த காசில்தான் நான் பதுளைக்கு வந்து படித்தேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான்தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வரப்போகிறவரின் பதவிக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது: புவிச்சரிதவியலாளர். பதினொரு எழுத்து. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களில் நிலவியலாளர் என்று எழுதுகிறார்கள். அது வாய்க்கு லேசு. எங்கள் நாட்டுப் பாடசாலையில் புவியியல் என்றால் வேறு. ஆறு, மலை, வரைபடம், எந்த ஊரில் எது விளையும் என்பதெல்லாம் அதற்குள் வரும். அதைப் படிப்பித்தவர் புவியியல் டீச்சர். பாறையையும் மண்ணையும், அவை எப்படி உண்டாயின, எப்போது அசையும் என்பதையும் படிப்பவர் புவிச்சரிதவியலாளர். புவிக்கும் இயலுக்கும் நடுவே ஒரு சரிதத்தைச் செருகி வைத்திருக்கிறார்கள். சரிதம் என்றால் வாழ்ந்த கதை. ராசாவுக்கு உண்டு, மகானுக்கு உண்டு. பூமிக்கும் ஒன்று உண்டு என்று எவரோ ஒருவர் யோசித்து இந்தச் சொல்லைக் கட்டியிருக்கிறார். மேசையிலிருந்த சொற்றொகுதியில் அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். நல்ல சொல் என்றுதான் தோன்றியது.

தோன்றி என்ன பிரயோசனம்? அறிவித்தலைக் காலையில் பெரட்டுக் களத்தில் வாசிப்பார்கள். வேலைக்குப் பிரிக்கும்போது கூடையும் தலையுமாக நிற்கும் ஆட்களுக்கு முன்னால் இந்தச் சொல்லை வாசித்தால் யாருக்கு விளங்கும்? எங்கள் ஆளுங்களுக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று நினைத்தேன். அதே லயத்தில் பிறந்து, அதே பீலியில் குளித்து வளர்ந்த நான், நாலு எழுத்துப் படித்ததும் அப்படி நினைத்தேன். 'மேலிடத்து அதிகாரி ஒருவர் வருகை தருவார்' என்று எழுதினேன். மண்சரிவு அபாயம் என்று போட்டால் பயந்துவிடுவார்கள் என்று அதையும் 'லயத்தின் நிலைமையைப் பார்வையிட' என்று பூசி மெழுகினேன். என் மேலதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட்டார். கடிதம் போய்விட்டது.

தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதன் பலன் தெரிந்திருக்க வேண்டும். லயத்தைப் பார்வையிட ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்து செய்வதைத்தான் செய்வார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு. தரைக்குக் களிமண்ணும் சாணியும். சாக்கடைக் கான் வெட்டிச் சுத்தம் செய்வார்கள், கோழிகளைக் கூடையால் மூடுவார்கள், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துப் பவுடர் போடுவார்கள். ஓட்டையும் உடைசலும் வெளியே தெரியக்கூடாது. அதில் பயமும் உண்டு, மரியாதையும் உண்டு. வருகிறவரை அழுக்கு வீட்டில் நிறுத்துவது எங்களுக்கு மானக்கேடு.

அவர் வந்த அன்று மொழிபெயர்க்க நானும் கூடப் போனேன். முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான சிங்களப் பெண். நான் ஏதோ தலை நரைத்த, கறுப்புக் கண்ணாடி போட்ட ஆளை எதிர்பார்த்திருந்தேன். பதுளையில் ஜீப்பில் ஏறியதுமே சப்பாத்தைக் கழற்றி, காலுறையில் வாசச் சவர்க்காரத்தைத் தேய்த்தார். அட்டை கடிக்காமல் இருக்க. எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். தோட்டத்துப் பிள்ளை நான், எனக்கே அந்த யோசனை வரவில்லை. பண்டாரவளை தாண்டி ஹப்புத்தளை வரும்வரை அதிகம் பேசவில்லை. வழியில் ஓரிடத்தில் மட்டும் மேட்டைக் காட்டி, "அந்த மரங்களைப் பாருங்கள். அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்திருக்கின்றன. கீழே மண் மெதுவாக நகர்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். நான் அந்த ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்றுதான் மரங்களின் முழங்காலைப் பார்த்தேன்.

லயம் தெரிந்ததும் நான் எழுதிய கடிதம் என்ன செய்திருக்கிறது என்று விளங்கியது. எட்டுக் காம்பராவும் வெள்ளை வெளேரென்று பளிச்சிட்டன. வாசலுக்கு வாசல் கோலம். ஒரு மேசையில் துணி விரித்து வாழைப்பழச் சீப்பு, நெக்டோ சோடா. அக்கா கலியாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, செவ்வந்தி மாலையோடு முன்னால் நின்றாள்.

மாலை போட்டு முடிந்ததும் உள்ளே போனோம். தீபாவளிக்கு வந்தபோது அக்காவின் உள்காம்பராத் தரையில் ஒரு விரிசலைப் பார்த்திருந்தேன். சுவரிலிருந்து இறங்கி, பிள்ளைகள் பாய் விரிக்கும் இடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு அடுத்த வீட்டுச் சுவருக்குள் போயிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை போனது. "கெழவி மாதிரி நோண்டாத. மழைக்கு விட்டுருச்சு, மெழுகிட்டா சரியாப் போயிரும்" என்று அக்கா சிரித்தாள். இப்போது அந்த விரிசலைக் காணோம். தரை கண்ணாடியாக மினுங்கியது. சுவரில் சுண்ணாம்பின் வாசனை.

"வீட்டில் எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள்" என்றார் அவர்.

கேட்டேன்.

"அப்படி ஒண்ணும் இல்லைங்க மிஸ். வீடு நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த வீட்டிலும் அதே பதில். அதற்கடுத்த வீட்டிலும். இல்லையாம், இல்லையாம் என்று சிங்களத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். சொன்னதைச் சொல்வதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. ஆனால் ஒவ்வொரு இல்லைக்கும் அவர் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார். விரிசல் இல்லை என்று இவர் எழுதிவிட்டால் லயம் இங்கேயே இருக்கும். மழை நிற்பதாக இல்லை. பிள்ளைகள் இன்றைக்கும் அந்தச் சுவரோரம்தான் படுப்பார்கள்.

அக்காவை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏன்க்கா பொய் சொல்லுற? நான்தான் விரல விட்டுப் பாத்தேனே!"

"மெதுவாப் பேசுடி. விரிசல்னு சொன்னா நாளைக்கே எறங்குன்னுவாங்க. எறங்கி எங்க போறது? கீழ்ப்பிரிவு ஆளுங்கள தகரக் கொட்டகையில கொண்டுபோய் வெச்சாங்களே, இன்னும் அங்கதானே கெடக்காங்க? கொமருப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு நான் கொட்டகையில படுக்கவா? ஒனக்கென்ன, பதுளையில வீடு இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி முன்காம்பராவுக்கு வந்தோம்.

அவர் கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கதவு சரியாக மூடுகிறதா?"

"நல்லாச் சாத்தும் மிஸ். எங்க வீட்டுக்காரரு சீவி விட்டாரு" என்றாள் அக்கா. மச்சானின் கைவேலையில் அவளுக்கு எப்போதும் பெருமை.

"எத்தனை தடவை சீவினார்?"

"இந்த மாசத்துல ரெண்டு தடவ."

அவர் எழுதிக்கொண்டார். நிலம் நகர்ந்தால் கதவுநிலை கோணிக் கதவு இறுகும் என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. பிறகு குனிந்து தரையைத் தடவினார். விரலில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துப் பார்த்தார். "அழகாக மெழுகியிருக்கிறார்கள். இந்த மண்ணை எங்கே எடுத்தார்கள்?"

தரையைப் புகழ்ந்துவிட்டாரே, அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவள் கொட்ட ஆரம்பித்தாள். "மேல, தேயிலைக்குள்ள மிஸ். முந்தியெல்லாம் ஆத்தோரம் போய் மம்பட்டியால வெட்டணும். இப்ப ஒரு மாசமா இங்கேயே கெடைக்குது. மண்ணு வாயத் தொறந்து நிக்குது. உள்ள கைய விட்டு அப்பிடியே அள்ளலாம், வெண்ண கணக்கா இருக்கு. லயமே அங்கதான் எடுத்துச்சு."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அவருடைய விரல் தரையிலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள்" என்றார், மெதுவாக.

சொன்னேன். அக்காவுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. "ஏன்டி, அதிகாரிக்கு அந்த எடம் எதுக்கு? மண்ணு வெட்டுனது குத்தம்னு எழுதப் போறாங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. மொழிபெயர்ப்பாளர் சொந்த வாயைத் திறக்கக்கூடாது என்பதெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இவங்க அதிகாரி இல்லக்கா. நான்தான் அப்பிடி எழுதித் தொலைச்சேன். என் புத்திய செருப்பால அடிக்கணும். இவங்க வீட்டப் பாக்க வரல, ஒன்னையப் பாக்க வரல. மலையப் பாக்க வந்திருக்காங்க. மண்ணு ஏன் எளகுது, எப்ப எறங்கும்னு படிச்சவங்க. மலை எறங்கிருமான்னு பாக்கத்தான் வந்திருக்காங்க."

வாசலில் நின்ற பெண்களெல்லாம் கிட்ட வந்தார்கள். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு. எங்கள் வீட்டில் கோபத்தையெல்லாம் நானே எடுத்துக்கொண்டேன்.

"அத மொதல்லயே எழுதுறதுக்கு என்னடி கேடு? அதிகாரி வாராருன்னா மெழுகத்தான் செய்வோம். மலையப் பாக்க ஆளு வருதுன்னா எந்தப் பைத்தியக்காரியாச்சும் மலையோட வெடிப்ப மூடி வெப்பாளா? நாங்க என்ன, ஒண்ணும் வெளங்காத சனமா?"

கையிலிருந்த சோடாப் போத்தலை மேசையில் நங்கென்று வைத்தாள். உள்காம்பராவுக்குப் போய், மகள்களின் பாய் சுருட்டிவைத்திருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் என்ன நினைத்தாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கொட்டகை நினைவுக்கு வந்திருக்கும். பிறகு அடுப்படியிலிருந்து கரண்டியை எடுத்து வந்து, கலியாணச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, முதல்நாள் முழுக்கத் தன் கையால் மெழுகிய தரையைச் சுரண்ட ஆரம்பித்தாள். ஈரக் களிமண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. அடியில் விரிசல், தீபாவளிக்கு நான் பார்த்ததைவிட அகலமாக. பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எட்டுக் காம்பராவிலும் கரண்டிச் சத்தம் கேட்டது.

மண் எடுத்த இடத்துக்கு அக்காவே முன்னால் ஏறினாள். லயத்துக்கு மேலே, தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே, நிலம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கீழ்ப்பக்கம் ஒரு படி அளவு இறங்கியிருந்தது. நேராகப் போன நிரை ஒன்று அந்த இடத்தில் முறிந்து, கொஞ்சம் தள்ளித் தொடங்கியது. பிளவின் ஓரத்தில் எங்கள் பெண்களின் கைத்தடம், விரல் விரலாக. அவர் அளவு நாடாவை விரித்தார். பாதியில் நிறுத்திச் சுருட்டிவிட்டார். தொலைபேசியை எடுத்து யார் யாரிடமோ பேசினார். பேசி முடித்து என்னிடம், "இன்று பொழுது சாய்வதற்குள் எல்லோரும் இறங்க வேண்டும். ஒருவர்கூட இங்கே தூங்கக் கூடாது" என்றார்.

"எங்க போறதுன்னு கேளு" என்றாள் அக்கா.

அவர் தேனாக நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் ஆட்கள் அதைக் கேட்டுப் பழகியவர்கள். அவர் சொன்னது இது: "எங்கே என்று எனக்குத் தெரியாது அக்கா. அது என் படிப்பில் இல்லை. இங்கே இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்." சிங்களத்திலும் அக்கா அக்காதான்; அந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மற்றதை அப்படியே தமிழில் சொன்னேன். அக்கா தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு இறங்கினாள்.

இப்போதைக்குக் கீழே இருந்த தோட்டப் பாடசாலைக்கு என்று முடிவாகி, பிற்பகல் முழுவதும் மூட்டை இறக்கினோம். அவர் ஜீப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு வீட்டின் அரிசி மூட்டை, இன்னொரு வீட்டின் சாமிப் படங்கள், நடக்க முடியாத ஒரு தாத்தாவின் நாற்காலி என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினார். கடைசிக் குடும்பம் தோட்டப் பாடசாலைக்கு வந்து சேரும்வரை போகவில்லை. சவர்க்காரம் தேய்த்தும் பலனில்லை; அவருடைய கழுத்திலிருந்து அக்கா ஓர் அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

கடைசி மூட்டையோடு இறங்கும்போது அக்கா கேட்டாள்: "அதிகாரி இல்லேன்னா, இவங்க செய்யுற வேலைக்கு என்னடி பேரு?"

"அது நீளமாயிருக்கும்க்கா."

"இருக்கட்டும். எனக்கு வாய் இல்லையா?"

சொன்னேன். பிரித்தும் சொன்னேன்: புவி என்றால் பூமி, சரிதம் என்றால் வாழ்ந்த கதை, இயலாளர் என்றால் அதை முறையாகப் படித்தவர். அக்கா மூட்டையை மறு தோளுக்கு மாற்றினாள். "பூமிக்குக் கதை இருக்கத்தானே செய்யும்" என்றாள், அதில் என்ன அதிசயம் என்பது போல. பிறகு பாடசாலை வரும்வரை அவள் வாய் முணுமுணுத்துக்கொண்டு வந்தது. களைப்பில் ஏதோ புலம்புகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பெரட்டுக்குப் போகும் நேரத்தில் மலை இறங்கியது. பாடசாலை வரை சத்தம் கேட்டதாம். நான் பதுளையிலிருந்து போய்ச் சேர்ந்தபோது, லயம் இருந்த இடத்தில் சேறும் முறிந்த தேயிலையும்தான் கிடந்தன. மச்சான் இரண்டு தடவை சீவிய கதவு தூரத்தில் ஒரு பாறையில் சாய்ந்து நின்றது. அக்காவின் ஓர் ஆடு போய்விட்டது. ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. எட்டுக் குடும்பத்தையும் தாத்தாவிலிருந்து கைப்பிள்ளை வரை அக்கா எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள், பிறகு அந்தத் தூறலில் நின்று அழுதாள். நானும் அழுதேன். மகள்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மூச்சு முட்டுது சித்தி என்று சின்னவள் கத்தினாள்.

அக்கா பயந்தது நடக்காமலும் இல்லை. பாடசாலையிலிருந்து தகரக் கொட்டகைக்குத்தான் போனார்கள், இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டுக்கு நிலம் காட்டியிருக்கிறார்கள். அந்த நிலத்தைப் பார்த்துச் சரி சொன்னவரும் அவர்தான் என்பதில் அக்காவுக்குப் பெரிய நிம்மதி. கொட்டகையில் வெயிலுக்கு வேகிறது, மழைக்குப் பேச முடியாத சத்தம். அதைச் சொல்லி அலுத்துக்கொள்ளும்போதெல்லாம், "ஆனா அலுத்துக்கிறதுக்கு ஆளு இருக்கோம்ல" என்று அவளே முடித்துவிடுவாள்.

சித்திரையில் தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. எட்டுக் குடும்பமும் சேர்ந்து ஓர் அர்ச்சனைத் தட்டு எடுத்திருந்தார்கள். நானும் போயிருந்தேன். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "யாரு பேருக்கும்மா?" என்று கேட்டார்.

அவருடைய பெயர் நீளமான சிங்களப் பெயர். எனக்குத் தெரியும், அக்காவுக்கு நினைவிருக்காது. எடுத்துக்கொடுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா கைகளைக் கூப்பிக்கொண்டு, ஓர் எழுத்துக்கூடத் தடுக்காமல் சொன்னாள்.

"புவிச்சரிதவியலாளர்."

பூசாரி முழித்தார். "புவி... என்னம்மா?"

பின்னால் நின்ற ஏழு வீட்டுப் பெண்களும், கொழுந்துக் கறை ஏறிய கைகளைக் கூப்பியபடி, ஒன்றாகச் சொன்னார்கள். "புவிச்சரிதவியலாளர்." கொட்டகையில் அக்கா எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள் போலிருக்கிறது. எனக்கு மாரியம்மன் முகமே கலங்கித் தெரிந்தது.

"இம்புட்டு நீளமா? சுருக்கமா ஒண்ணு சொல்லுங்கம்மா" என்றார் பூசாரி.

"அதெல்லாம் சுருக்கக் கூடாதுங்க சாமி" என்றாள் அக்கா, என்னைத் திரும்பிப் பார்த்தபடி.